நத்தை, ஊசி, மாத்திரை: எகிப்தின் கல்லீரல் நோய்ச் சுமை ஏறியதும் இறங்கியதும்

2008-ல் எகிப்தில் நடந்த மக்கள்தொகை, நலவாழ்வுக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸுக்குப் பரிசோதித்தார்கள். 15 முதல் 59 வயது வரை உள்ளவர்களில் 14.7 சதவீதம் பேருக்கு அந்த வைரஸுக்கான ஆன்டிபாடி, அதாவது எப்போதோ தொற்றியதைக் காட்டும் எதிர்ப்புப் புரதம், இருந்தது. 9.8 சதவீதம் பேரின் ரத்தத்தில் அப்போதும் வைரஸ் இருந்தது. உழைக்கும் வயதில் இருப்பவர்களில் கிட்டத்தட்ட பத்தில் ஒருவர். மக்கள்தொகை மிகுந்த வேறெந்த நாட்டிலும் இப்படி ஒரு அளவு பதிவானதில்லை.

15 ஆண்டுகள் கழித்து, 2023 அக்டோபரில், ஹெபடைடிஸ் சி ஒழிப்புப் பாதையில் 'தங்க நிலை'யை எட்டிய முதல் நாடு என்று உலக சுகாதார நிறுவனம் எகிப்தை அறிவித்தது. நோய்ப் பரவல் 10 சதவீதத்திலிருந்து 0.38 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது.

இதை 'புதிய மாத்திரை செய்த மாயம்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அது பாதி உண்மை. மாத்திரை கையில் இருந்தும் நோயாளி கிடைக்காமல் திட்டம் திணறிய காலம் ஒன்று உண்டு. வைரஸ் போன பிறகும் கல்லீரல் புற்றுநோய் தொடர்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால், நோயைப் பரப்பியதே ஒரு பொதுச் சுகாதாரத் திட்டம்தான்.

நைல் கரையில் ஒரு பழைய நோய்

நைல் டெல்டாவின் பாசனக் கால்வாய்களில் வாழும் நன்னீர் நத்தைகள் ஷிஸ்டோசோமா என்ற ஒட்டுண்ணியைச் சுமக்கின்றன. கால்வாயில் இறங்கி நடவு செய்பவர், துணி துவைப்பவர், குளிக்கும் பிள்ளைகள் எல்லோருடைய தோலிலும் அது துளைத்து நுழைந்துவிடும். ஒரு வகை சிறுநீர்ப்பையைத் தாக்கிச் சிறுநீரில் ரத்தம் வரவைக்கும். இன்னொரு வகையின் முட்டைகள் கல்லீரலின் ரத்தக் குழாய்களில் சிக்கி, சுற்றிலும் வடு உண்டாக்கும். இந்தப் புழுவை 1851-ல் கெய்ரோவில் கண்டறிந்தவர் தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர். நோய்க்கு 'பில்ஹார்சியா' என்ற பெயர் நிலைத்தது அவரால்தான். ஆண்டு முழுவதும் பாசன நீர் கிடைக்கத் தொடங்கியதும் விளைச்சல் பெருகியது, கூடவே நத்தையும் பெருகியது.

இந்நோய்க்குப் பலன் தந்த முதல் மருந்து டார்ட்டார் எமெட்டிக் என்ற ஆன்டிமனி உப்பு. சூடானின் கார்ட்டூமில் 1918-ல் கிறிஸ்டோபர்சன் இதைப் பயன்படுத்திக் காட்டினார். வாய்வழியாகக் கொடுக்க முடியாது, வாந்தி வந்துவிடும். சிரையில்தான் செலுத்த வேண்டும். அதுவும் ஒரே ஊசியில் முடியாது, வாரக்கணக்கில் பல ஊசிகள் போட வேண்டும். எகிப்தில் 1920-களிலிருந்தே இது புழக்கத்தில் இருந்தது. 1950-களுக்குப் பின் அரசே ஊர் ஊராகப் போய்ப் பெருந்திரள் சிகிச்சையாக நடத்தியது. 1964 முதல் 1982 வரை மட்டும் 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 3 கோடியே 60 லட்சம் ஊசிகளுக்கு மேல் போடப்பட்டதாகக் கணக்கு.

ஒரு முகாம் எப்படி நடந்தது என்பதற்கு 1964-ன் நேரடிப் பதிவு ஒன்று உள்ளது. கைத்திறன் மிக்க ஒரு மருத்துவர் காலை 9.20-க்கு ஊசி போடத் தொடங்குகிறார். 10.10-க்குள் ஆண், பெண், குழந்தைகள் என 504 பேருக்குப் போட்டு முடிக்கிறார். இடையில் பத்து நிமிட ஓய்வு. அதைக் கழித்தால் ஒருவருக்கு ஐந்து விநாடிகூட ஆகவில்லை. போட்ட சிரிஞ்சு ஒரு தட்டுக்குப் போகிறது. செவிலியர் அதை எடுத்து, தண்ணீர் விட்டு அலசி, ஓரிரு நிமிடம் கொதிக்க வைத்து, அடுத்த தட்டில் வைக்கிறார். அங்கிருந்து அது அடுத்தவரின் கைக்குப் போகிறது.

அங்கே யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. அந்தக் காலத்து நடைமுறைப்படி கொதிக்கவும் வைத்தார்கள். பிழை இருந்தது செயல்முறையில். சிரையில் ஊசி போடும்போது, ஊசி முனை சிரைக்குள்தான் இருக்கிறதா என்று பார்க்க உள்தண்டைச் சற்றுப் பின்னிழுப்பார்கள். அப்போது நோயாளியின் ரத்தம் சிரிஞ்சுக்குள் வரும். கண்ணாடிக் குழலுக்கும் உள்தண்டுக்கும் நடுவிலும், ஊசியின் துளையிலும் அது ஒரு படலமாகத் தங்கிவிடும். சிரிஞ்சைப் பிரிக்காமல், தேய்த்துக் கழுவாமல் கொதிநீரில் போட்டால் ரத்தம் உறைந்து, உள்ளே இருக்கும் வைரஸுக்குக் கவசமாகிறது. முறைப்படியானால் முதலில் பாகங்களைப் பிரித்துக் கழுவ வேண்டும். பிறகு 121 டிகிரி செல்சியஸில் அழுத்த நீராவியில் 20 நிமிடம் வைக்க வேண்டும். ஐந்து விநாடிக்கு ஒருவர் வரும் வரிசையில் இதைச் செய்ய எத்தனை சிரிஞ்சு தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்தால் போதும். முகாமின் வேகமும் கையிருப்பில் இருந்த சிரிஞ்சுகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகவே இல்லை. ஹெபடைடிஸ் சி வைரஸோ சிரிஞ்சுக்குள் வாரக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கக்கூடியது என்று பின்னாளில் ஆய்வகங்கள் காட்டின.

ஏன் யாருக்கும் தெரியவில்லை

ஹெபடைடிஸ் சி தொற்றியதும் பெரும்பாலோருக்குக் காமாலைகூட வராது. தொற்றியவர்களில் 55 முதல் 85 சதவீதம் பேரிடம் அது நிரந்தரமாகத் தங்கிவிடும். அப்படித் தங்கியவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு 20 ஆண்டுகளுக்குள் சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்க வடுவாகிச் சுருங்கும் நிலை வருகிறது. 1965-ல் ஊசி போட்டுக்கொண்ட சிறுவனுக்கு வயிற்றில் நீர் கோத்ததும் ரத்த வாந்தி வந்ததும் 1990-களில்தான். ஊசியையும் நோயையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றாத இடைவெளி அது.

இன்னொரு குழப்பமும் இருந்தது. பில்ஹார்சியாவும் மண்ணீரலைப் பெருக்க வைக்கும், உணவுக்குழாய்ச் சிரைகளைப் புடைக்க வைக்கும், ரத்த வாந்தி வரவைக்கும். கல்லீரல் கெட்டு ஒருவர் வந்தால் "பில்ஹார்சியா முற்றிவிட்டது" என்று எழுதிவிடுவது வழக்கமாக இருந்தது. வேறுபாடு நுணுக்கமானது. பில்ஹார்சியா மட்டும் இருந்தால் வடு ரத்தக் குழாய்களை ஒட்டியே படர்கிறது. கல்லீரல் செல்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. கல்லீரல் தயாரிக்கும் அல்புமின் புரதம் குறைவதும் ரத்தம் உறையாமல் போவதும் பிந்தித்தான் வரும். வைரஸும் சேர்ந்துகொண்டால் செல்களே அழிந்து, எல்லாம் விரைவாக முற்றிவிடும்.

வைரஸ் அடையாளம் காணப்பட்டது 1989-ல். பரிசோதனை வந்ததும் எகிப்தின் ரத்தக் கொடையாளர்களைப் பார்த்தபோதுதான் அதிர்ச்சி வெளிப்பட்டது. 2000-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, எந்தப் பகுதியில் எந்தத் தலைமுறைக்கு எவ்வளவு ஊசி போடப்பட்டது என்ற பழைய பதிவுகளையும், அங்கே இப்போது எவ்வளவு தொற்று இருக்கிறது என்பதையும் அருகருகே வைத்துப் பார்த்தது. இரண்டும் பொருந்தின. டெல்டாவில் அதிகம், நகரங்களில் குறைவு. நடுத்தர வயதினரிடம் அதிகம், வாய்வழி மாத்திரையான பிராசிக்வான்டெல் வந்த பிறகு பிறந்தவர்களிடம் குறைவு.

அந்தச் சிகிச்சைத் திட்டமே தவறு என்று முடிவுகட்டுவது நியாயமாகாது. பில்ஹார்சியா உண்மையிலேயே கொல்லும் நோய், அப்போது வேறு மருந்தும் இல்லை. தவறியது கருவிச் சுத்திகரிப்பு. ஊசித் திட்டம் 1980-களில் நின்றபோது தொற்று நிற்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. பத்தில் ஒருவரின் ரத்தத்தில் வைரஸ் இருக்கும் நாட்டில் பல் மருத்துவரின் கருவி, டயாலிசிஸ் எந்திரம், சோதிக்காத ரத்தம், தேவையில்லாமல் போடும் ஊசி, முடிதிருத்துபவரின் கத்தி எல்லாமே பரப்பும் வழிகள்தான்.

விலை உடைந்த கதை

2006-ல் எகிப்து வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுக்கான தேசியக் குழுவை அமைத்து, சிகிச்சை மையங்களைத் திறந்தது. அன்றிருந்த மருந்து, வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசியும் தினமும் ரிபாவிரின் மாத்திரையும். 48 வாரம். காய்ச்சல், சோர்வு, ரத்தசோகை, மனச்சோர்வு எல்லாம் வரும். அவ்வளவையும் தாங்கினாலும் பாதியைச் சற்றுத் தாண்டித்தான் குணம். சிரோசிஸ் முற்றியவர்களுக்கு, அதாவது மிக அவசரமாகத் தேவைப்பட்டவர்களுக்கு, அதைக் கொடுக்கவே முடியாது.

ஆனால் அந்த ஆண்டுகள் வீண் போகவில்லை. மையங்கள், பதிவேடு, பயிற்சி பெற்ற மருத்துவர்கள், எந்த மருந்தை யாருக்குக் கொடுப்பது என்று ஒரே இடத்தில் முடிவெடுக்கும் குழு எல்லாம் அப்போதே தயாராகிவிட்டன. 2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் என்ற புதிய மாத்திரை அனுமதி பெற்றபோது, அதை வாங்கிப் பயன்படுத்தத் தெரிந்த அமைப்பு எகிப்தில் ஏற்கெனவே இருந்தது.

அமெரிக்காவில் 12 வார மருந்தின் பட்டியல் விலை 84,000 டாலர். எகிப்து அதைத் தயாரிக்கும் கிலியட் நிறுவனத்துடன் பேசி 900 டாலருக்கு முடித்தது. பேரத்தில் எகிப்தின் கை ஓங்கியிருந்ததற்குக் காரணங்கள் உண்டு. ஒரே வாங்குபவராக அரசு இருந்தது, லட்சக்கணக்கில் நோயாளிகள் இருந்தார்கள், உள்நாட்டில் மருந்து ஆலைகள் இருந்தன. அதோடு அந்நாட்டின் காப்புரிமை அலுவலகம் சோஃபோஸ்புவிருக்குக் காப்புரிமை தர மறுத்தது. அதனால் 2015-லிருந்து உள்நாட்டு ஜெனரிக் மருந்துகள் சந்தைக்கு வர, ஒரு முழுக் கோர்ஸின் விலை மளமளவென்று இறங்கிச் சுமார் 45 டாலருக்கு வந்தது.

2014 செப்டம்பரில் இணையதளப் பதிவு தொடங்கியது. தேசிய அடையாள எண்ணைக் கொடுத்தால் எந்த மையத்துக்கு எந்தத் தேதியில் வர வேண்டும் என்று பதில் வரும். முதல் சில நாட்களிலேயே லட்சக்கணக்கானோர் பதிந்தார்கள். மருந்து போதாத அந்தத் தொடக்க காலத்தில் வடு முற்றியவர்களுக்கே முன்னுரிமை. இருப்பு பெருகியதும் எல்லா நிலையினருக்கும் கதவு திறந்தது.

வரிசை காலியானபோது

திட்டத்தின் உண்மையான சோதனை இரண்டு ஆண்டுகளில் வந்தது. தனக்கு நோய் இருப்பது தெரிந்தவர்கள் எல்லோரும் வந்து மருந்து வாங்கிப் போய்விட்டார்கள். காத்திருப்போர் பட்டியல் தீர்ந்தது. மையங்களில் மருந்து இருந்தது, நோயாளி இல்லை. மீதமிருந்தவர்கள் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாதவர்கள். அறிகுறி இல்லாத நோய்க்கு யார் தானாக வந்து ரத்தம் கொடுப்பார்கள்? இதே மாதிரித் திட்டத்தைப் பின்னர் எடுத்த பல நாடுகள் சிக்கிக்கொண்டதும் இந்த இடத்தில்தான். மருந்தின் விலையைப் பேசி முடித்ததோடு வேலை தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

டெல்டாவின் தக்காலியா மாகாணத்தில் ஒரு கல்லீரல் ஆய்வு மருத்துவமனை கிராமங்களில் முன்னோடி முயற்சி செய்து பார்த்தது. அந்தந்த ஊர்க்காரர்களையே தொண்டர்களாகப் பயிற்றுவித்து, வீடு வீடாகப் பேசி, ஊரிலேயே சோதித்து, அதே தொடர்ச்சியில் மருந்தும் கொடுத்தார்கள். சோதனைக்கும் மருந்துக்கும் இடையே நாள் கடத்தினால் ஆள் நழுவிவிடுவார் என்பதே அதில் கிடைத்த முக்கியப் பாடம்.

2018 அக்டோபர் 1 முதல் 2019 ஏப்ரல் 30 வரை, 27 மாகாணங்களையும் மூன்று கட்டங்களாகப் பிரித்து, 18 வயது நிரம்பிய 6 கோடியே 25 லட்சம் பேரைச் சோதிக்கும் '10 கோடி நலவாழ்வு' இயக்கம் நடந்தது. உலக வங்கிக் கடனும் இதில் சேர்ந்தது. ஒவ்வொரு மையத்திலும் நடந்தது இதுதான்: அடையாள எண் பதிவு, விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தத்தில் உடனடி ஆன்டிபாடி சோதனை, காத்திருக்கும் நேரத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை, உயரம், எடை. ஆன்டிபாடி இருந்தால் அந்த இடத்திலேயே அருகிலுள்ள மதிப்பீட்டு மையத்தில் தேதி குறித்துக் கொடுத்துவிடுவார்கள்.

4 கோடியே 96 லட்சம் பேர் வந்தார்கள், இலக்கில் 79 சதவீதம். சுமார் 22 லட்சம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. மதிப்பீட்டுக்கு வந்து வைரஸ் சோதனை செய்துகொண்டவர்களில் 76.5 சதவீதம் பேரிடம் வைரஸ் இருந்தது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் சிகிச்சையைத் தொடங்கினார்கள். முடிவு தெரிந்தவர்களில் 98.8 சதவீதம் குணம். மொத்தச் செலவு 20 கோடியே 71 லட்சம் டாலர். ஒருவரைக் கண்டுபிடித்துக் குணப்படுத்த 130.62 டாலர் ஆயிற்று. அதில் கண்டுபிடிக்க மட்டும் 85.41 டாலர். மருந்தைவிட ஆளைத் தேடுவதற்குத்தான் அதிகம் செலவானது.

மருந்தைக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

சிக்கல் இல்லாத நோயாளிக்கு சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராம், டக்லடாஸ்விர் 60 மில்லிகிராம், தினமும் ஒரு வேளை, 12 வாரம். பிலிருபின் 1.2-க்கு மேல், அல்புமின் 3.5-க்குக் கீழ், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் 1.2-க்கு மேல், தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்துக்குக் கீழ், அல்லது முன்பு சிகிச்சை தோற்றிருந்தது: இவற்றில் ஒன்று இருந்தாலும் 'கடினமானவர்' பட்டியல். அவர்களுக்கு ரிபாவிரின் சேரும், சிலருக்குக் காலமும் நீளும். எகிப்தில் பெரும்பாலும் ஜினோடைப் 4 என்ற வைரஸ் மரபணு வகை ஒன்றே பரவியிருந்ததால், ஜினோடைப் பார்க்காமலேயே எல்லோருக்கும் ஒரே மருந்தைக் கொடுக்க முடிந்தது. இது அந்நாட்டுக்கு வாய்த்த பெரிய வசதி.

பிழை நேரும் இடங்கள் சில உண்டு. தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி சோதனையை விட்டுவிட்டால், சி வைரஸ் அடங்கியதும் பி தலைதூக்கிக் கல்லீரலைக் கெடுக்கலாம். இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுபவருக்கு சோஃபோஸ்புவிர் கொடுத்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். ரிபாவிரின் எடுப்பவருக்கு ஹீமோகுளோபின் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அது கூடவே கூடாது.

மருந்து முடிந்து 12 வாரம் கழித்து ரத்தத்தில் வைரஸ் இல்லை என்றால்தான் குணம் என்று அர்த்தம். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று இந்தக் கடைசிப் பரிசோதனைக்கு வராமல் இருந்துவிடுபவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. இன்னொன்றையும் நோயாளிக்குச் சொல்லியே ஆக வேண்டும். குணமான பிறகும் ஆன்டிபாடி பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும். பிறகு எப்போதாவது ஆன்டிபாடி மட்டும் பார்த்தால் 'பாசிட்டிவ்' என்றுதான் வரும். வளைகுடா வேலைக்கு மெடிக்கல் எடுக்கப் போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வைரஸ் இல்லை என்ற ஆர்என்ஏ சோதனைத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

இறங்காத சுமை

சிரோசிஸ் வந்த பிறகு வைரஸ் ஒழிந்தால் நிலைமை மேம்படும், சிலருக்கு வடுவும் கொஞ்சம் கரையும். ஆனால் புற்றுநோய் அபாயம் குறையுமே தவிர நீங்குவதில்லை. எகிப்திய ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் கல்லீரல் புற்றுநோய்தான். அதனால் சிரோசிஸ் உள்ளவர்கள், குணமானவர்கள் உட்பட, ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்டு எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் கட்டியாகக் கண்டுபிடித்தால் எரித்து அழிக்கலாம், அறுத்து எடுக்கலாம். வலி வந்த பிறகு கண்டுபிடித்தால் பெரும்பாலும் செய்ய ஒன்றும் இருக்காது.

இதற்கு ஆகும் உழைப்பைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு லட்சம் சிரோசிஸ் நோயாளிகள் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு இரண்டு லட்சம் ஸ்கேன். ஒருவர் நாளைக்கு 25 வீதம், ஆண்டுக்கு 250 நாள் எடுத்தால் 6,250 முடியும். ஆக, வேறு வேலை எதுவும் பார்க்காமல் இதை மட்டும் செய்ய 32 பேர் வேண்டும். ஒழிப்புத் திட்டங்களின் வரவுசெலவில் இந்தச் செலவுத் தலைப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. அதை முதல் நாளிலேயே சேர்க்காத திட்டம் முழுமையான திட்டமல்ல.

ஊசிப் பாதுகாப்பு தளர்ந்தால் வைரஸ் திரும்பவும் வரும். ஒரு முறை குணமானவருக்கு மறுபடி தொற்றாது என்று சொல்வதற்கில்லை, தடுப்பூசியும் இல்லை. பாகிஸ்தான் இதற்குக் கண்முன் உள்ள எடுத்துக்காட்டு. 2022 நிலவரப்படி உலகிலேயே அதிகமாக, 88 லட்சம் பேர் அங்கே ஹெபடைடிஸ் சி-யோடு வாழ்கிறார்கள். அதே மாத்திரை அங்கும் மலிவாகவே கிடைக்கிறது. சாதாரணக் காய்ச்சலுக்கும் ஊசி கேட்கும், ஊசி போடும் பழக்கமும் சிரிஞ்சை மறுபடி பயன்படுத்துவதும் நிற்காத வரை, ஒரு பக்கம் குணமாக்க மறுபக்கம் தொற்றிக்கொண்டே இருக்கும். ஒரு முறை அழுத்தியதும் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சு, சோதித்த ரத்தம், டயாலிசிஸ் பிரிவில் நோயாளிகளை அவ்வப்போது சோதிப்பது ஆகியவை மருந்துக்கு இணையான முதலீடுகள்.

அடுத்த அலையும் அதே இயக்கத்தின் பதிவேட்டிலேயே தெரிந்தது. 2019-ல் அளந்த எடை, உயரக் கணக்கின்படி எகிப்தியப் பெரியவர்களில் 39.8 சதவீதம் பேர் உடல்பருமன் உள்ளவர்கள், பெண்களில் கிட்டத்தட்ட பாதி. பருமனும் சர்க்கரையும் சேர்ந்தால் கொழுப்புக் கல்லீரல், அதில் ஒரு பகுதியினருக்கு வடு, பிறகு சிரோசிஸ். இதைத் தீர்க்க 12 வார மாத்திரை கிடையாது. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரெஸ்மெடிரோம் தொடங்கி ஒன்றிரண்டு மருந்துகள் வந்திருக்கின்றன, விலை எட்டாத உயரம். உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் அழற்சியும் வடுவும் குறைவது நிரூபணமானது.

ஆனால் எல்லோரையும் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டியதில்லை. கல்லீரல் வடுவை மதிப்பிட ஹெபடைடிஸ் சி-க்குப் பயன்பட்ட ஃபிப்-4 கணக்கு இங்கும் உதவும். ஏஎஸ்டி, ஏஎல்டி இரண்டும் ரத்தத்தில் அளக்கும் கல்லீரல் நொதிகள். வயதை ஏஎஸ்டி அளவால் பெருக்கி, அதைத் தட்டணு எண்ணிக்கையையும் (ஆயிரத்தில்) ஏஎல்டி-யின் வர்க்கமூலத்தையும் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். சர்க்கரை உள்ள 52 வயதுக்காரர், ஏஎஸ்டி 64, ஏஎல்டி 49, தட்டணு 1,30,000 என்றால்: 52 × 64 = 3,328. 130 × 7 = 910. வகுத்தால் 3.66. கொழுப்புக் கல்லீரலில் 1.3-க்குக் கீழ் இருந்தால் இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்துத் திரும்பக் கணக்கிடலாம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த எல்லை 2. இடைப்பட்ட எண் வந்தால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் எலாஸ்டோகிராஃபி. 2.67-ஐத் தாண்டிவிட்டால், இவரைப் போல, வடு முற்றியிருக்க வாய்ப்பு அதிகம், நேராகக் கல்லீரல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நான்கு எண்களும் சாதாரண ரத்தப் பரிசோதனைத் தாளிலேயே இருக்கின்றன.